உடற்கல்வியில் கலப்புக் கற்றல்: நான்கு வழிகளில் உங்கள் பள்ளிக்கு எது?

கணக்கு, அறிவியல் ஆசிரியர்கள் பாடத்தில் ஒரு பகுதியைத் திரையிலும் மறு பகுதியை வகுப்பிலும் நடத்திப் பழகிவிட்டார்கள். இப்போது முறை உடற்கல்விக்கு. "உங்க பாடத்துலயும் கொஞ்சம் ஆன்லைன் சேர்த்துக்கலாமே" என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். எதைச் சேர்ப்பது, எவ்வளவு சேர்ப்பது, அதற்காக எதை விடுவது என்பதெல்லாம் விசிலோடு மைதானத்தில் நிற்பவர் தலையில் விழுகிறது. ஒரு பக்கம் டேப்லெட் விற்க வருபவர்கள். இன்னொரு பக்கம், "பிள்ளை எப்போதும் போனிலேயே கிடக்கிறான், விளையாட்டு பீரியட்டிலும் போனா?" என்று கேட்கும் பெற்றோர். இந்த இரண்டுக்கும் நடுவில் முடிவெடுக்க வேண்டியவர்களுக்காக இந்த ஒப்பீடு.

நடைமுறையில் கையில் இருப்பவை நான்கு வழிகள். ஒன்று, திரையே இல்லாமல் எல்லாவற்றையும் மைதானத்தில் நடத்துவது. இரண்டு, விளக்கத்தை வீடியோவாக முன்கூட்டியே அனுப்பிவிட்டு, பீரியட்டை முழுக்க ஆட்டத்துக்கு ஒதுக்கும் தலைகீழ் வகுப்பு. மூன்று, மைதானத்திலேயே பல நிலைகள் (குழுக்கள் மாறி மாறிப் போய்ப் பயிற்சி செய்யும் இடங்கள்) அமைத்து, அவற்றில் ஒன்றில் மட்டும் டேப்லெட் வைத்துச் சுழற்றுவது. நான்கு, பாடத்தின் ஒரு பகுதியை வீட்டுப் பயிற்சியாகக் கொடுத்து, செயலி, கைப்பட்டை (அடிகளையும் இதயத்துடிப்பையும் அளக்க மணிக்கட்டில் கட்டும் கருவி) அல்லது நோட்டுப் பதிவு வழியாகக் கண்காணிப்பது.

என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உடற்கல்வியில் இரண்டே பொருள்களுக்குத்தான் எப்போதும் தட்டுப்பாடு: பிள்ளைகள் ஓடியாடும் நிமிடங்கள், ஆசிரியரின் கண். இந்த இரண்டில் ஒன்றையாவது மிச்சப்படுத்தும் திரையை நான் வரவேற்கிறேன். இரண்டையும் தின்னும் திரை எவ்வளவு நவீனமாக இருந்தாலும் வேண்டாம்.

## எதை வைத்து எடைபோடுவது

அசையும் நிமிடங்கள். 5 முதல் 17 வயது வரையுள்ளவர்கள் வாரம் முழுக்கச் சராசரியாக நாளுக்கு 60 நிமிடமாவது மிதமானது முதல் தீவிரம் வரையான உடலியக்கம் செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல் சொல்கிறது. தசைக்கும் எலும்புக்கும் வலுவூட்டும் பயிற்சி வாரத்தில் மூன்று நாளாவது இருக்க வேண்டும் என்கிறது. 146 நாடுகளைச் சேர்ந்த 16 லட்சம் மாணவர்களின் தரவை வைத்து 2019-இல் வெளியான ஆய்வில், 11 முதல் 17 வயதுள்ளவர்களில் 81 சதவீதம் பேர் இந்த அளவை எட்டவில்லை. மாணவிகளில் 85, மாணவர்களில் 78 சதவீதம்.

பீரியட்டின் பாதி நேரமாவது பிள்ளைகள் இந்தத் தீவிரத்தில் இயங்க வேண்டும் என்பது உடற்கல்வியில் பரவலாக ஏற்கப்பட்ட இலக்கு. அது எவ்வளவு கடினம் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 40 நிமிட பீரியட், 40 பிள்ளைகள், 5 பந்து என்று வைத்துக்கொள்வோம். வகுப்பறையிலிருந்து வந்து வரிசையில் நின்று வருகைப்பதிவு முடிய 6 நிமிடம். விளக்கிச் செய்துகாட்ட 8. குழு பிரித்துப் பந்து கொடுக்க 4. கடைசியில் சாமான்களை ஒப்படைத்துத் திரும்ப 4. ஆக 22 போய்விட்டது, மிச்சம் 18. ஒரு பந்துக்கு எட்டுப் பேர் வரிசையில் நின்றால் ஒரு பிள்ளையின் கையில் பந்து இருப்பது இரண்டே கால் நிமிடம்.

இப்போது விளக்கத்தை வீடியோவாக்கி 8 நிமிடத்தை 3 ஆக்கினால் அந்த இரண்டே கால், மூன்று நிமிடத்தை நெருங்கும். அதற்குப் பதிலாக இன்னும் 5 பந்து வாங்கி வரிசையை நாலு பேராகக் குறைத்தால் நாலரை நிமிடம். இரண்டையும் செய்தால் ஆறு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. எந்தத் திட்டத்துக்குக் கையெழுத்துப் போடுவதற்கு முன்பும் உங்கள் பள்ளியின் எண்களை வைத்து இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுவிடுங்கள். பந்தும் கயிறும் கூம்புகளும் போதாத பள்ளியில் டேப்லெட்டைப் பற்றிப் பேசுவதே சீக்கிரம்.

திருத்தம். ஒரு பிள்ளை தவறாகச் செய்வதை யார் பார்க்கிறார், எவ்வளவு சீக்கிரம் சொல்கிறார்? 40 பேரை ஒருவர் பார்த்தால், கெட்டிக்காரர்களும் குறும்புக்காரர்களும் கண்ணில் படுவார்கள். நடுவில் அமைதியாகத் தவறாகச் செய்துகொண்டிருக்கும் பிள்ளை படாது.

எல்லோருக்கும் கிடைக்கிறதா. வீட்டில் போன் இருக்கிறதா என்று மட்டும் கேட்டால் போதாது. அந்தப் போன் எப்போது பிள்ளையின் கைக்கு வருகிறது, எத்தனை பேர் பகிர்கிறார்கள், குதிக்க இடம் இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும். உடல் குறைபாடு உள்ள பிள்ளைகளையும் இதே இடத்தில் யோசிக்க வேண்டும். காது கேளாத பிள்ளைக்கு எழுத்து வரிகளோடு வரும் வீடியோ, மைதானச் சத்தத்தில் கத்திச் சொல்லும் விளக்கத்தைவிடப் பல மடங்கு மேல்.

ஆசிரியரின் நேரம். தயாரிப்பு, பதிவேற்றம், சார்ஜ் போடுதல், பதிவுகளைப் படித்தல் எல்லாம் இதில் அடங்கும். கால அட்டவணையில் இவற்றுக்கு இடமே இருக்காது.

பாதுகாப்பும் அந்தரங்கமும். உடல் காயம் ஒரு பக்கம். பிள்ளைகளின் உடல் அசைவுகள் கொண்ட வீடியோவும் இதயத்துடிப்புத் தரவும் எங்கே போய்ச் சேர்கின்றன என்பது இன்னொரு பக்கம்.

## முதல் வழி: எல்லாமே மைதானத்தில்

இதைப் பழைய முறை என்று ஒதுக்கிவிடுகிறார்கள். நன்றாக நடத்தினால் அசையும் நிமிடங்களில் இதை மிஞ்சுவது கடினம். எடுத்து வைக்க, சார்ஜ் போட எதுவும் இல்லை. விசில் அடித்தால் வகுப்பு தொடங்கிவிடும். எல்லோருக்கும் ஒரே மைதானம், ஒரே பந்து என்பதால் வீட்டு வசதி குறுக்கே வராது.

மறைந்திருக்கும் செலவுகளும் உண்டு. ஒரே விளக்கத்தை ஆறு பிரிவுகளுக்கு ஆறு முறை சொல்ல வேண்டும். ஆறாவது முறை தொண்டையும் போயிருக்கும், பாதிக் குறிப்பும் விட்டுப்போயிருக்கும். மழை நாளிலும் கடும் வெயில் நாளிலும் பீரியட் வேறு பாடத்துக்குப் போய்விடும். கால் சுளுக்கி ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு அன்றைக்குப் பாடமே இல்லை. மதிப்பெண் போடும் நேரத்தில் ஆசிரியர் நினைவிலிருந்துதான் எழுத வேண்டும், அந்த நினைவில் நன்றாக ஓடுபவர்களே அதிகம் இருப்பார்கள்.

திருத்தத்துக்கும் திரையில்லாத தீர்வு ஒன்று உண்டு. உடற்கல்விக் கற்பித்தல் பாணிகளை 1966-இல் வகைப்படுத்திய மஸ்கா மாஸ்டன், இருவர் இருவராகச் சேர்ந்து கற்கும் பாணி ஒன்றைச் சொன்னார். ஒருவர் செய்வார், மற்றவர் கையில் அட்டையோடு நின்று கவனிப்பார். அட்டையில் பார்க்க வேண்டிய மூன்று விஷயங்கள் மட்டும் இருக்கும். ஆசிரியர் செய்பவரைத் திருத்தாமல், கவனிப்பவரிடம் "என்ன பார்த்தே?" என்று கேட்டுக்கொண்டு போவார். ஒரே நேரத்தில் மைதானத்தில் 20 ஜோடிக் கண்கள். இதற்கு ஆகும் செலவு காகிதமும் பேனாவும்தான்.

தொடக்கப் பள்ளி வகுப்புகளுக்கும், பொருள் பற்றாக்குறை உள்ள பள்ளிகளுக்கும், வாரத்துக்கு ஒரே ஒரு பீரியட் கிடைக்கும் இடங்களுக்கும் இந்த வழிதான் சரி. ஆறு ஏழு வயதுப் பிள்ளைக்கு ஓடவும் தாவவும் பிடிக்கவும் எறியவும் வாய்ப்புத்தான் வேண்டும், விளக்க வீடியோ வேண்டாம்.

## இரண்டாம் வழி: தலைகீழ் வகுப்பு

2007-இல் அமெரிக்காவின் கொலராடோவில் ஜோனதன் பெர்க்மன், ஆரன் சாம்ஸ் என்ற இரு வேதியியல் ஆசிரியர்கள் தங்கள் பாடங்களைப் பதிவுசெய்து மாணவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கியதிலிருந்துதான் இந்த முறை பெயர் பெற்றது. போட்டிகளுக்கும் மற்ற நிகழ்ச்சிகளுக்கும் பயணம் போய் வகுப்பைத் தவறவிட்ட மாணவர்களுக்கு எப்படிப் பாடத்தைச் சேர்ப்பது என்பது அவர்களுக்கு இருந்த பெரிய கவலைகளில் ஒன்று. விளையாட்டால் விட்டுப்போன வேதியியலை மீட்கப் பயன்பட்ட வழி, இப்போது விளக்கத்தால் விட்டுப்போகும் விளையாட்டை மீட்க வந்திருக்கிறது.

எதற்கு உதவும் என்பதில் தெளிவாக இருந்தால் இது நல்ல வழி. விதி, வியூகம், பாதுகாப்பு, உடலியல் போன்ற தலையில் ஏற வேண்டியவற்றுக்கு இது மிகப் பொருத்தம். வாலிபால் சுழற்சியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு இடங்கள், எதிரணியிடமிருந்து சர்வீஸ் திரும்பக் கிடைக்கும்போது கடிகாரச் சுற்றில் ஓர் இடம் நகர வேண்டும், சர்வீஸ் அடிக்கும் கணத்தில் யார் யாருக்கு முன்னால் நிற்க வேண்டும் என்ற கட்டுப்பாடு வேறு. இதை மைதானத்தில் 40 பேரை நிற்க வைத்துச் சொன்னால் முன்வரிசைக்கு மட்டும் புரியும். மேலிருந்து பார்க்கும் கோணத்தில் வட்டங்கள் நகரும் மூன்று நிமிட வீடியோவில் பெரும்பாலானவர்களுக்குப் புரிந்துவிடும். கால்பந்தின் ஆஃப்சைடும் இப்படித்தான்.

உடல் திறனைக் கற்பிக்க இது உதவாது. முன்னுருளலை நூறு முறை பார்த்தாலும் உருள வராது. வீடியோவைப் பார்த்த உற்சாகத்தில் வெறும் தரையில் உருண்டு பார்க்கும் பிள்ளையின் கழுத்து ஆபத்தில் இருக்கிறது. ஜிம்னாஸ்டிக்ஸ், எறிதல், உயரம் தாண்டுதல் போன்றவற்றுக்கு "இதைச் செய்" என்ற தொனியில் வீட்டுக்கு எதையும் அனுப்பாதீர்கள். "இதைக் கவனித்து வா" என்ற அளவில் நிறுத்துங்கள்.

பெரிய மறைசெலவு, பார்க்காமல் வருபவர்கள். பாதிப் பேர் பார்க்காமல் வந்தால் ஆசிரியர் மனம் கேட்காமல் மறுபடி விளக்கத் தொடங்குவார். பார்த்து வந்தவர்கள் நின்று காத்திருப்பார்கள், அடுத்த வாரம் அவர்களும் பார்க்காமல் வருவார்கள். இதற்கு எழுத்துத் தேர்வு வைப்பது நிமிடங்களைத் தின்னும். வந்தவுடன் "எல்லாரும் அவங்கவங்க இடத்துல போய் நில்லுங்க" என்று சொல்லிப் பாருங்கள். யார் பார்த்தார்கள் என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும், அந்த ஒரு நிமிடமும் அசைவுதான். பார்க்காதவர்களைப் பார்த்தவர்களோடு ஜோடி சேர்த்துவிட்டு ஆட்டத்தைத் தொடங்கிவிடலாம்.

அடுத்தது தயாரிப்பு. நான்கு நிமிட வீடியோவைப் படம் பிடித்து, வெட்டி, ஒலி சரிபார்த்து அனுப்ப ஒரு மாலைப்பொழுது போய்விடும். ஆனால் விதி வீடியோ அடுத்த ஆண்டும் உதவும், ஆறு பிரிவுகளுக்கும் உதவும். ஆண்டுக்கு நாலைந்து மட்டும் செய்தால் தாங்கும். வாரம் ஒன்று என்று ஆரம்பித்தால் இரண்டு மாதத்தில் விட்டுவிடுவீர்கள்.

வீட்டில் போன் இல்லாத பிள்ளைகள் விஷயத்தில் ஒரு எளிய வழி உண்டு: வீடியோவை மழை நாள் பீரியட்டிலோ காலை வகுப்பாசிரியர் நேரத்திலோ வகுப்பறையில் எல்லோருக்கும் ஒருமுறை போட்டுவிடுங்கள். தலைகீழ் வகுப்பு என்றால் வீட்டில்தான் பார்க்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. மைதான நேரத்துக்கு வெளியே நடந்தால் போதும்.

நடுநிலை, மேல்நிலை வகுப்புகளில் புதிய அணி விளையாட்டு ஒன்றைத் தொடங்கும் முதல் இரண்டு வாரங்களுக்கு இதைத் தேர்ந்தெடுங்கள். பள்ளி அணிக்காக வெளியூர் போய்வரும் மாணவர்களுக்கும், காயம்பட்டு உட்கார்ந்திருப்பவர்களுக்கும் ஆண்டு முழுக்கவே இது கைகொடுக்கும்.

## மூன்றாம் வழி: மைதானத்தில் சுழற்சி, ஒரே ஒரு திரை

நான்கு வழிகளில் எனக்கு மிகவும் பிடித்தது இது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஆறு நிலைகள் வையுங்கள். ஐந்தில் ஓட்டம், பந்து, கயிறு, சமநிலை என்று அசைவுதான். ஆறாவதில் ஒரு டேப்லெட், முக்காலியில். அதில் தாமத ஒளிபரப்புச் செயலி ஓடும். அதாவது கேமரா பார்ப்பதைப் பத்துப் பன்னிரண்டு நொடி கழித்துத் திரையில் காட்டும். யாரும் எந்தப் பொத்தானையும் அழுத்த வேண்டாம்.

வலது கைப் பழக்கமுள்ள ஒரு மாணவி கீழ்க்கை சர்வீஸ் பழகுகிறாள் என்று வையுங்கள். இடது கால் முன்னால் இருக்க வேண்டும். "இடது கால் முன்னால, இடது கால் முன்னால" என்று ஆசிரியர் மூன்று முறை சொல்லிவிட்டார். அவளும் ஒவ்வொரு முறையும் தலையாட்டுகிறாள், ஏனென்றால் இடது கால்தான் முன்னால் இருக்கிறது என்று அவள் உண்மையிலேயே நம்புகிறாள். பந்தை விடும் கணத்தில் வலது கால் தன்னால் முன்னே வந்துவிடுவது அவளுக்குத் தெரியாது. அடித்துவிட்டு நான்கு எட்டு நடந்து டேப்லெட் முன் வந்து நிற்கிறாள். திரையில் அவளே வருகிறாள், கையை வீசுகிறாள், வலது கால் முன்னே வருகிறது. அவ்வளவுதான். யாரும் எதுவும் சொல்ல வேண்டாம், அடுத்த சர்வீஸில் காலைப் பார்த்துக்கொண்டே நிற்கிறாள். தொடக்க நிலையில் உள்ளவர்களுக்குத் தங்கள் உடல் என்ன செய்கிறது என்று உள்ளிருந்து உணர்வது கடினம். ஆசிரியரின் கண் எட்டாத இடத்தில் அந்தத் தாமதத் திரை எட்டுகிறது.

ஆனால் திரையை மட்டும் வைத்தால் பிள்ளைகள் தங்கள் முடியையும் சட்டையையும்தான் பார்ப்பார்கள். எங்கே பார்க்க வேண்டும் என்று தெரியாதவருக்கு வீடியோ பயன்படாது. அதனால் முக்காலியில் ஒரு அட்டையை ஒட்டி, ஒரே ஒரு கேள்வி எழுதுங்கள்: "பந்தை அடிக்கும்போது எந்தக் கால் முன்னால்?" அடுத்த வாரம் வேறு கேள்வி. பார்த்து முடித்ததும் திரும்பப் போகும்போது வெளியே ஒரு இலக்கைக் கொடுங்கள். கவனத்தைத் தன் உடலுறுப்பில் வைப்பதைவிட, அசைவு வெளியே ஏற்படுத்தும் விளைவில் வைத்தால் கற்றல் பெரும்பாலும் மேம்படுகிறது என்று காப்ரியேல் வுல்ஃப் முதலான இயக்கக் கற்றல் ஆய்வாளர்கள் பல ஆய்வுகளில் காட்டியிருக்கிறார்கள். "முழங்கையை நீட்டு" என்பதைவிட "அந்தப் பின்மூலைக் கூம்பை நோக்கி அனுப்பு" என்பது நன்றாக வேலை செய்யும்.

இனி மறைசெலவுகள். வெயிலில் திரை தெரியாது. நிழல் வேண்டும், இல்லாவிட்டால் திறந்த அட்டைப்பெட்டிக்குள் டேப்லெட்டை வைக்க வேண்டும். பந்து வந்து விழும், அதனால் வலைக்குப் பின்னாலோ கோணத்திலோ வைக்க வேண்டும். மைதானம் வரை வைஃபை எட்டாது, ஆகவே இணையம் இல்லாமல் ஓடும் செயலி அவசியம். முதல் சில வாரங்களில் நிலை அமைக்கவே ஐந்து நிமிடம் போகும். இரண்டு மாணவர்களுக்குப் பொறுப்புக் கொடுத்து, மணி அடிப்பதற்குள் அமைக்கச் சொல்லுங்கள்.

கேமரா விஷயத்தில் ஒரு முடிவை ஆரம்பத்திலேயே எடுத்துவிட வேண்டும்: சேமிப்பதா, வேண்டாமா? முழு எச்டி தரத்தில் ஒரு நிமிட வீடியோ, வடிவத்தைப் பொறுத்து ஏறக்குறைய 60 முதல் 130 எம்பி வரை பிடிக்கும். 40 பேருக்கு ஒரு நிமிடம் என்றால் ஒரே பீரியட்டில் 2.4 ஜிபிக்குக் குறையாது. இடத்தைவிடப் பெரிய கவலை, அந்தக் காட்சிகள் யார் கைக்குப் போகும் என்பது. ஐரோப்பாவில் 2018 முதல் நடைமுறையில் உள்ள தரவுப் பாதுகாப்பு விதிகள் உடல்நலத் தரவைத் தனிக் கவனம் தேவைப்படும் வகையில் வைக்கின்றன. அமெரிக்கச் சட்டம் 13 வயதுக்குட்பட்டவர்களின் தகவலை இணையச் சேவைகள் திரட்டுவதற்குப் பெற்றோர் ஒப்புதல் கேட்கிறது. உங்கள் நாட்டுச் சட்டம் எதுவாக இருந்தாலும், சேமிக்காத காட்சி கசியாது. தாமத ஒளிபரப்பின் பெரிய நன்மையே அதுதான். ஆசிரியரின் சொந்தப் போனில் பிள்ளைகளின் வீடியோ எடுப்பதை அடியோடு தவிர்த்துவிடுங்கள்.

பதின்ம வயதில் கேமரா முன் நிற்கக் கூசும் பிள்ளைகள் இருப்பார்கள், பெண் பிள்ளைகள் மட்டும் அல்ல. திரை மற்றவர்களைப் பார்த்தபடி இருக்கக் கூடாது. விருப்பமில்லாதவர் ஜோடியையும் அட்டையையும் வைத்துச் செய்யட்டும், காரணம் கேட்க வேண்டாம்.

சர்வீஸ், குண்டு எறிதல், நீளம் தாண்டுதல், கூடைப்பந்தின் ஃப்ரீ த்ரோ என்று ஒருவர் தனியாக நின்று திரும்பத் திரும்பச் செய்யும் திறன்களுக்கு இது பொருந்தும். ஓயாமல் நகரும் ஆட்டங்களுக்கு உதவாது. ஆளுக்கொரு டேப்லெட் வாங்குவதையும் நான் ஆதரிக்க மாட்டேன். திரை முன் நிற்கும் ஒவ்வொரு பிள்ளையும் அந்த நேரம் ஓடாத பிள்ளை. ஒரு பீரியட்டில் ஒருவருக்கு இரண்டு மூன்று நிமிடத் திரை தாராளம்.

இன்னொன்று. தொழில்நுட்பம் என்றாலே திரை என்று நினைக்க வேண்டாம். 1980-களில் லூக் லெஜே குழுவினர் உருவாக்கிய 20 மீட்டர் ஓட்டத் தேர்வு, வெறும் ஒலியில் ஓடுகிறது. மணிக்கு 8.5 கிலோமீட்டர் வேகத்தில் தொடங்கி நிமிடத்துக்கு அரை கிலோமீட்டர் கூடும், "பீப்" வருவதற்குள் கோட்டை எட்ட வேண்டும். ஒரு ஒலிபெருக்கி முழு வகுப்பையும் ஒரே நேரத்தில் ஓட வைக்கிறது. நிலை மாற்றும் நேரத்தையும் இசை வைத்து அறிவித்தால் ஆசிரியர் கடிகாரத்தைப் பார்க்காமல் பிள்ளைகளைப் பார்க்கலாம்.

## நான்காம் வழி: வீட்டுப் பயிற்சியும் பதிவும்

வாரம் இரண்டு பீரியட், ஒவ்வொன்றும் 40 நிமிடம் என்றால் மொத்தம் 80. அதில் பாதி அசைவு என்றால் 40. ஒரு பிள்ளைக்கு வாரத்துக்குத் தேவை 420 நிமிடம். பள்ளி பீரியட் தருவது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மீதி பள்ளிக்கு வெளியேதான் நடக்க வேண்டும், அதற்குப் பிள்ளைகளைப் பழக்குவது உடற்கல்வியின் வேலைதான். இந்த ஒரு காரணத்துக்காகவே நான்காம் வழியை முழுக்கத் தள்ளிவிட முடியாது.

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது, ஜோ விக்ஸ் என்ற பிரிட்டிஷ் பயிற்சியாளர் காலையில் நேரலையில் நடத்திய உடற்கல்வி வகுப்பை மார்ச் 24 அன்று ஒரே நேரத்தில் 9,55,185 பேர் பார்த்தது கின்னஸ் சாதனையானது. திரை வழியாகவும் பிள்ளைகளை அசைய வைக்கலாம் என்பதற்கு அது சான்று. ஆனால் அந்தத் திரைக்கு இந்தப் பக்கம் யார் எப்படிக் குதிக்கிறார், யாருக்கு முழங்கால் உள்ளே மடிகிறது என்று பார்க்க யாரும் இல்லை.

கைப்பட்டை, செயலி எண்களில் கவனம் தேவை. 10,000 அடி என்ற இலக்கு 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவியது, பிள்ளைகளுக்காக ஆராய்ந்து வகுத்த அளவு அது இல்லை. 220-இலிருந்து வயதைக் கழிக்கும் இதயத்துடிப்புச் சூத்திரமும் பிள்ளைகளுக்குப் பொருந்தாது, ஏனென்றால் அவர்களின் உச்சத் துடிப்பு வயதோடு பெரிதாக மாறாமல் ஏறக்குறைய 200-ஐ ஒட்டியே இருக்கும். கை வேகமாக அசையும்போது மணிக்கட்டு உணரிகள் பிசகவும் செய்யும்.

அதே நேரம் இதயத்துடிப்பு ஒரு நியாயத்தையும் காட்டும். மெதுவாக ஓடும் பிள்ளை சோம்பேறி என்று தோன்றும். துடிப்பைப் பார்த்தால் முன்னால் ஓடுபவரைவிட அதிகம் பாடுபட்டுக்கொண்டிருக்கும். கருவி வாங்காமலே இதைக் கற்றுக்கொடுக்கப் பேச்சுச் சோதனை போதும்: பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் மிதமான தீவிரம். சில வார்த்தைக்குள் மூச்சு வாங்கினால் கடும் தீவிரம்.

பதிவேட்டின் பலவீனம் எல்லோருக்கும் தெரியும். ஒரு மாதப் பதிவையும் ஒரே இரவில், ஒரே பேனாவில் எழுதி வாங்கி வருவார்கள். நிமிடத்துக்கு மதிப்பெண் போட்டால் பொய்யைத்தான் வளர்ப்போம். வீட்டில் இடமில்லாதவர், தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர், வெளியே விளையாட அனுமதி இல்லாதவர் எல்லோரும் தண்டிக்கப்படுவார்கள். திட்டம் போட்டதற்கும், எது நடந்தது, எது நடக்கவில்லை, ஏன் என்று யோசித்து எழுதியதற்கும் மதிப்பெண் கொடுங்கள்.

இதையெல்லாம்விடப் பெரிய மறைசெலவு ஒன்று இருக்கிறது. "வீட்டிலதான் பயிற்சி பண்றாங்களே, ஒரு பீரியட்டைக் கணக்குக்குக் கொடுத்துடலாமே" என்று அட்டவணை போடுபவர் கேட்கும் நாள் வரும். வீட்டில் விளையாட வாய்ப்புள்ள பிள்ளைக்கு அதனால் ஒன்றும் குறையாது. அந்த 40 நிமிடம்தான் வாரத்தின் ஒரே ஓட்டம் என்றிருக்கும் பிள்ளைக்குப் போனது போனதுதான். அதனால் வீட்டுப் பயிற்சி பீரியட்டுக்குக் கூடுதலே தவிர மாற்று இல்லை என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு தொடங்குங்கள். அப்படி எழுதித் தர நிர்வாகம் தயங்கினால் இந்த வழியையே விட்டுவிடலாம்.

மேல்நிலை வகுப்புகளில் தனிநபர் உடற்தகுதிப் பாடம் ஒன்றுக்கு மூன்று நான்கு வார அளவில் இது சிறப்பாக அமையும். நீண்ட விடுமுறைக்கும் நல்லது. கொடுக்கும் பயிற்சிகள் பள்ளியில் ஏற்கெனவே சரியாகச் செய்து காட்டியவையாக இருக்கட்டும். புதிதாக எதையும் வீட்டில் முதல்முறை செய்யச் சொல்ல வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | எல்லாம் மைதானத்தில் | தலைகீழ் வகுப்பு | சுழற்சியில் ஒரு திரை | வீட்டுப் பயிற்சி |
|---|---|---|---|---|
| அசையும் நிமிடங்கள் | பொருள் போதுமானால் மிக நன்று | விளக்க நேரம் மிச்சம், பார்த்து வந்தால் | பழகும் வரை குறையும், பிறகு நன்று | பீரியட்டுக்கு வெளியே கூடும் |
| திருத்தம் | ஆசிரியர் கண், ஜோடி அட்டை | அறிவுக்கு நன்று, திறனுக்கு இல்லை | தனித் திறன்களுக்கு மிக நன்று | பலவீனம் |
| சமவாய்ப்பு | மிக நன்று | பள்ளியில் போட்டுக் காட்டினால் நன்று | நன்று | வீட்டைப் பொறுத்தது |
| ஆசிரியர் நேரம் | குறைவு | முதல் ஆண்டு அதிகம் | அமைக்கும் நேரம் | பதிவுகளைப் படிக்க அதிகம் |
| முக்கிய ஆபத்து | மழை, வெயில் நாள் | வீட்டில் செய்து பார்த்துக் காயம் | காட்சி கசிவு | பீரியட் பறிபோதல் |

## எங்கிருந்து தொடங்குவது

ஒரே வழியை ஆண்டு முழுக்கப் பிடித்துக்கொள்ளத் தேவையில்லை. நானாக இருந்தால் ஐந்தாம் வகுப்பு வரை முதல் வழிதான், ஒலிபெருக்கி ஒன்றோடு. ஆறு முதல் எட்டு வரை ஜோடி அட்டையைப் பழக்கிவிட்டு, பிறகு அதே அட்டைக் கேள்விகளோடு ஒரு டேப்லெட்டைக் கொண்டுவருவேன். அட்டையில் பார்க்கப் பழகாத பிள்ளைக்குத் திரையிலும் பார்க்க வராது. புதிய அணி விளையாட்டு தொடங்கும்போது மட்டும் விதி வீடியோ. ஒன்பதுக்கு மேல் ஒரு பருவத்தில் ஒருமுறை வீட்டுப் பயிற்சித் திட்டம்.

வாங்கும் வரிசையும் முக்கியம்: முதலில் பந்து, கயிறு, கூம்பு, அடுத்து ஒலிபெருக்கி, அப்புறம் ஒரு டேப்லெட்டும் முக்காலியும். கைப்பட்டை கடைசி, வாங்காவிட்டாலும் குடி முழுகிவிடாது.

மாற்றம் பலன் தருகிறதா என்று பார்க்கப் பெரிய ஆய்வு வேண்டாம். புதிய முறையைத் தொடங்கும் முன் ஒரு பீரியட்டில், வகுப்பின் நடுத்தர வேகத்தில் இருக்கும் ஒரு பிள்ளையைத் தேர்ந்தெடுங்கள், பிள்ளைக்குத் தெரிய வேண்டாம். காயத்தால் உட்கார்ந்திருக்கும் மாணவர் ஒருவரிடம் நிறுத்து கடிகாரத்தைக் கொடுத்து, அந்தப் பிள்ளை அசையும்போது ஓடவிட்டு, நிற்கும்போது நிறுத்தச் சொல்லுங்கள். எத்தனை முறை பந்து கைக்கு வந்தது என்றும் எண்ணட்டும். புதிய முறை பழகிய பிறகு, ஒரு மாதம் கழித்து, அதே மாதிரி ஒரு பீரியட்டில் மறுபடி எடுங்கள். நிமிடம் குறைந்திருந்தால், சொல்லித் தந்தவர் யாராக இருந்தாலும், அந்த முறையை நிறுத்திவிட்டு எந்த இடத்தில் நேரம் போகிறது என்று பாருங்கள். இரண்டு எண்களையும் தலைமையாசிரியரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். அடுத்த முறை "ஆன்லைன் சேர்க்கலாமே" என்ற பேச்சு வரும்போது பேச உங்கள் கையிலும் ஏதாவது இருக்கும்.